ஒட்டு டிராக்டரும் டிராக்டர்தான்

நாலு வண்டி பார்ட்ஸைச் சேர்த்து ஒரு பழைய டிராக்டரை ஓட வச்சா உடனே "ஒரிஜினல் இல்லையே, ஒட்டு வண்டிதானே"ன்னு சொல்றாங்க பாருங்க, அந்தப் பேச்சு எனக்குச் சுத்தமா பிடிக்காது. உழறதுக்குன்னு செஞ்ச வண்டிங்க அது. ஃபெர்குசன் டிஇ20ங்கற டிராக்டர் மாடலோட உற்பத்தி 1956லயே நின்னு போச்சு, ஆனா 5 லட்சத்துக்கு மேல செஞ்சதுல இன்னைக்கும் ஓடிட்டிருக்கறதுல பலது ஒரு வண்டி சாமானை இன்னொரு வண்டியில கழட்டி மாட்டித்தான் ஓடுது.

ஆனா கிடைச்சதை எல்லாம் மாட்டிடலாம்னு நான் சொல்லல. சிலது எந்த வண்டியில இருந்து வந்தாலும் சேரும், சிலது ஜோடி மாறுனா வண்டியையே கெடுத்துடும். இந்த வித்தியாசம் தெரிஞ்சு செய்யறவன் கட்டுன ஒட்டு வண்டியை நான் கண்ண மூடிட்டு நம்புவேன்.

பின்பக்கம் பெருசா பிரச்சனை வராது, பிடிஓ ஷாஃப்ட் (இன்ஜின் சுத்தறதைப் பின்னாடி மாட்டற கருவிக்குக் கொடுக்கற தண்டு) 1 3/8 இன்ச், 6 பல், 540 ஆர்பிஎம்னு ஏகப்பட்ட கம்பெனிக்கு ஒரே அளவுதான். கலப்பை மாதிரி கருவியை மாட்டற லிங்கேஜ் பின்னு மட்டும் பாத்துக்கணும், அதுல சைஸ் வகை இருக்கு, கேட்டகிரி 1ல கீழ் பின் 7/8 இன்ச், கேட்டகிரி 2ல 1 1/8 இன்ச்.

மோசம் பண்றது போல்ட்டுதான். அரை இன்ச் போல்ட்டுல விட்வொர்த்துக்கு (பழைய பிரிட்டிஷ் மரை) இன்ச்சுக்கு 12 மரை, யூஎன்சிக்கு (அமெரிக்க மரை) 13. கையில வச்சுப் பாத்தா ரெண்டும் ஒன்னு மாதிரியே இருக்கும், கையாலயே ஒரு சுத்து ரெண்டு சுத்து நல்லாவும் போகும், அப்புறம் டைட்டாகும், "துரு புடிச்சிருக்கு"ன்னு நினைச்சு ஸ்பேனர்ல பைப்பை மாட்டி ஒரு இழு இழுத்தோம்னா பிளாக்குல இருக்கற மரையே வழண்டு கையோட வந்துடும். ரெண்டு போல்ட்டையும் மரையோட மரை சேர்த்து வெளிச்சத்துல புடிச்சுப் பாருங்க, நடுவுல ஒளி கசிஞ்சா அது வேற மரை. மரையை அளக்கற மரை கேஜ் ஒன்னு டூல் பாக்ஸ்ல இல்லாம இந்த வேலையில இறங்கவே கூடாதுங்கறது என் கருத்து.

இன்ஜினைப் பிரிச்சா கிராங்க் ஷாஃப்ட்டைப் பிளாக்கோட புடிச்சு வைக்கற மெயின் பேரிங் கேப்பை மட்டும் வேற பிளாக்குல இருந்து எடுத்துப் போட்டுடாதீங்க. கேப்பைப் பிளாக்கோட சேர்த்து முறுக்கி வச்சுத்தான் அந்தத் துளையையே போட்டிருப்பாங்க, வேற கேப் போட்டா வட்டம் வட்டமா இருக்காது, கிராங்க் புடிச்சுக்கும். கனெக்டிங் ராடும் அதோட கேப்பும் அப்படித்தான், பக்கத்துல ஒரே நம்பர் அடிச்சிருக்கும். பின் ஆக்ஸில்ல இருக்கற க்ரவுன், பினியன் பல்சக்கரம் ரெண்டும் ஜோடியாவே உரசிப் பழக்குனது, அதுல ஒன்னை மட்டும் மாத்துனா ஊளையிட ஆரம்பிச்சு பல்லைத் தின்னுடும். பழைய கிராங்க் கிடைச்சா மைக்ரோமீட்டர் வச்சுப் பாக்காம பேரிங் வாங்காதீங்க, 10 தவ் (ஒரு தவ்னா இன்ச்சுல ஆயிரத்துல ஒரு பங்கு) கடைஞ்சதா 20 தவ் கடைஞ்சதான்னு கண்ணால யாராலயும் சொல்ல முடியாது.

பழைய டைனமோ வண்டி நிறைய பாசிட்டிவ் எர்த், அதாவது பேட்டரியோட பிளஸ் பக்கம்தான் பாடில மாட்டியிருக்கும். பேட்டரி டெர்மினலைத் திருப்பாம ஆல்டர்னேட்டரை மாட்டுனா டயோடு அப்பவே போயிடும்.

ஃபோர் வீல் டிரைவ் வண்டின்னா டயர் விஷயத்துல ரொம்ப ஜாக்கிரதை. முன் சக்கரம் பின் சக்கரத்தை விட 1ல இருந்து 5 சதவீதம் வரைக்கும் முந்திச் சுத்தற மாதிரிதான் கியர் வச்சிருப்பாங்க, கிடைச்ச டயரை முன்னாடி மாட்டுனா அந்தக் கணக்கு கெட்டுப் போய் கெட்டித் தரையில கியர்பாக்ஸே முறுக்கிக்கும்.

ஸ்டியரிங் ஆர்ம், பிரேக் ராடு, இதுல வெல்டிங் பத்த வச்சு ஒப்பேத்தறதை மட்டும் நான் யாரு செஞ்சாலும் ஒத்துக்க மாட்டேன், பார்ட் கிடைக்கற வரைக்கும் வண்டி நிக்கட்டும்.

இன்னொன்னு, எந்த பார்ட் எந்த மாடல்ல இருந்து வந்துச்சு, கிராங்க் எத்தனை தவ், எந்த இடத்துல என்ன மரை, எல்லாத்தையும் ஒரு நோட்டுல எழுதி வண்டியோடயே வைங்க. உங்களுக்கு அப்புறம் அந்த வண்டியைப் பிரிக்கறவனுக்கு எந்த கம்பெனி பார்ட்ஸ் புக்கைப் பாத்தாலும் விடை கிடைக்காது, அந்த நோட்டுல மட்டும்தான் இருக்கும்.