பழைய வண்டி என்றால் அதிரத்தான் வேண்டுமா?

"பழைய வண்டின்னா சத்தம் இருக்கத்தான் சார் செய்யும்." நான்கு ஒர்க்‌ஷாப்களில் இதையே கேட்டுக் காது புளித்துவிட்டது. 2006-ஆம் ஆண்டு ஆம்னி வேனின் பின்னிருக்கைகளைக் கழற்றிவிட்டு, குடும்பத்தோடு வெளியூரில் இரவு தங்குவதற்காகப் படுக்கைப் பலகையும் சிறிய அடுப்பும் பொருத்தி வைத்திருக்கிறேன். ஆனால் சிக்னலில் நின்றாலே கியர் ராடு கை மரத்துப்போகும் அளவுக்கு உதறுகிறது, எவர்சில்வர் டம்ளர்கள் ஓயாமல் கிணுகிணுக்கின்றன, பக்கத்தில் இருக்கும் மனைவியிடம் வழி கேட்கக்கூடக் கத்த வேண்டியிருக்கிறது.

வண்டியின் மீது எனக்குக் குறை இல்லை. 796 சிசி, மூன்று சிலிண்டர் இன்ஜின் முன்னிருக்கைக்கு அடியிலேயே இருக்கிறது. மூன்று சிலிண்டருக்கு ஆட்டம் இயல்பு. அந்த ஆட்டத்தைப் பாடிக்கு விடாமல் தாங்குவதுதான், இன்ஜினை வண்டியோடு பிணைக்கும் மவுண்டிங்கில் இருக்கும் ரப்பரின் வேலை. சூட்டில் இறுகியோ ஆயில் பட்டு ஊறியோ அந்த ரப்பர் கெட்டுவிட்டால், உள்ளே எதை ஒட்டினாலும் அதிர்வு நிற்காது.

இதை ஒருவராவது சொல்லியிருக்க வேண்டாமா? கதவு, கூரை, தரை என்று ஓர் இடம் விடாமல் டேம்பிங் ஷீட் ஒட்டி 14,000 ரூபாய் வாங்கிக்கொண்டார்கள். அந்த ஷீட் தகரம் அதிர்ந்து முழங்குவதைத்தான் அடக்கும். அதற்குத் தகரத்தின் கால் பங்குப் பரப்பில் ஒட்டினாலே பெரும்பாலும் போதும். இருக்கைக்கு அடியில் இன்ஜின் மூடியைச் சுற்றி இடைவெளியை அடைக்கும் ரப்பர் பட்டையான பீடிங் பிய்ந்து, விரல் நுழையும் இடைவெளி இருந்ததை யாரும் குனிந்து பார்க்கவில்லை. ஒரு தடுப்பின் பரப்பில் நூற்றில் ஒரு பங்கு ஓட்டை இருந்தால், எவ்வளவு கனமான தடுப்பானாலும் சுமார் 20 டெசிபலுக்கு மேல் சத்தத்தைக் குறைக்காது.

கடைசியில் நானே அடியில் படுத்து டார்ச் அடித்துப் பார்த்தேன். ஒரு மவுண்டிங்கில் ரப்பர் தகட்டை விட்டுக் கழன்று, இரும்போடு இரும்பு உரசிய இடம் பளபளவென்று தேய்ந்திருந்தது. மாற்றச் சொன்னால், "கெட்டி ரப்பரா போடுங்க, அதுதான் உழைக்கும்" என்று ஆலோசனை வேறு! கெட்டி ரப்பர் அதிர்வை அப்படியே பாடிக்குக் கடத்தும் என்பதுகூடவா தெரியாமல் தொழில் செய்கிறார்கள்?

பிடிவாதமாகப் பழைய அளவிலேயே வாங்கிப் போட்டபின் கியர் ராடு அடங்கிவிட்டது. சத்தம் மட்டும் அந்த இடைவெளி வழியாக இன்னும் வருகிறது. சரியான தடிமனில் பீடிங் கேட்டால், "அதெல்லாம் எதுக்கு சார், மேல இன்னொரு ஷீட் ஒட்டிடலாம்" என்கிறார்கள்.