ஃபியூஸ் மட்டும் போதாது

சார்லஸ் டால்சீல் 1965-இல் காப்புரிமை பெற்ற மின்கசிவுத் துண்டிப்பானைப் பற்றி உங்கள் இதழில் வந்த கட்டுரை அருமை. ஒன்று விட்டுப்போயிற்று. அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகப் பேராசிரியரான அவர், தன்னார்வலர்கள் கையில் மின்சாரம் பாய்ச்சி, எத்தனை மில்லி ஆம்பியரில் பிடித்த கம்பியை விட முடியாமல் போகிறது என்று அளந்தவர். ஃபியூஸ் உருகப் பல ஆம்பியர் வேண்டும். ஆளைக் கொல்ல அதில் துளி போதும். இவர் கருவியோ, போன கரண்ட் முழுசாகத் திரும்புகிறதா என்று பார்க்கும். 5 மில்லி ஆம்பியர் குறைந்தாலே, எங்கோ கசிகிறதென்று துண்டித்துவிடும்.

எங்கள் வீட்டில் கீசர் போட்டாலே ட்ரிப் ஆகிறதென்று எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டோம். மனிதர் ஆர்.சி.சி.பி.யையே (நம் வீடுகளில் இருக்கும் மின்கசிவுத் துண்டிப்பான்) கழற்றிவிட்டு நேராக வயரை இணைத்துவிட்டுப் போனார்! அப்புறம் வேறொருவர் வந்து பார்த்தால், கீசர் காயிலில் மின்கசிவு.