தூக்கிப் போட்டால் பயம் போகாது

"நீச்சலுக்கு அழுகிற பிள்ளையை ஒருதரம் ஆழத்தில் தூக்கிப் போடுங்கோ, தானாக நீந்தும்" என்கிறீர்கள் அண்ணா. அது ஆபத்து. மூழ்கும் பிள்ளை பெரும்பாலும் கத்தாது, சத்தமில்லாமல் தாழ்ந்துவிடும். தப்பினாலும் பிறகு தண்ணீரையும் நம்பாது, உங்களையும் நம்பாது.

என் மகள் ஐந்து வயதில் முகம் நனைந்தாலே அலறுவாள். திருகோணமலை உப்புவெளிக் கடல் குளம் மாதிரிக் கிடக்கும் ஆவணிக் காலைகளில், முதலில் கரையோரம் சிப்பி பொறுக்கினோம். அப்புறம் முழங்காலளவு தண்ணீரில் ஒரு வெள்ளைச் சிப்பியைப் போட்டு, மூச்சை அடக்கி எடுக்கச் சொன்னேன். மூன்றாம் கிழமை, "அப்பா, இன்னொன்று போடுங்கோ" என்றாள். அவள் போதும் என்றால் அன்றைக்கு அதோடு சரி.

மார்கழிக் கொந்தளிப்பில் இறக்கவே வேண்டாம். நீந்தப் பழகின பிள்ளைக்கும் கையெட்டும் தூரத்தில் பெரியவர் ஒருவர் நிற்கவேண்டும்.