குறுக்கா, நெடுக்கா?

பினாங்கு லிட்டில் இந்தியாவில் ஒரு பழைய கடைவீடு. அகலம் 16 அடி, ஆழம் 90 அடி. ரயில் பெட்டி மாதிரி. அப்பா விட்டுப்போன மளிகைக்கடை. கல்லாவில் அண்ணன் மாணிக்கம். தம்பி குமரனுக்குப் பல்கலைக்கழக ஆய்வுக்கூடத்தில் குடுவை கழுவும் வேலை. கை குடுவையில் இருந்தாலும் காது பாடத்தில் இருக்கும். இன்று பாகப்பிரிவினை.

மாணிக்கம்: நடுவில் குறுக்கே ஒரு சுவர். முன்பக்கம் எனக்கு, பின்பக்கம் உனக்கு. முடிந்தது கதை.

குமரன்: பின்பக்கம் என்ன அண்ணே இருக்கிறது? சாக்கடையும் இரண்டு பூனையும். நெடுக்கே பிரிப்போம், ஆளுக்கு ஒரு வாசல்.

மாணிக்கம்: ஆளுக்கு எட்டடி! அரிசி மூட்டையோடு ஒருவன் உள்ளே போனால் இன்னொருவன் வெளியே வர முடியாது.

குமரன்: உடம்பில் இருக்கிற செல்லுக்குக்கூட எந்தப் பக்கம் பிரிவது என்று ஒரு நியாயம் இருக்கிறது லா. 1884-இலேயே ஆஸ்கார் ஹெர்ட்விக் என்ற ஜெர்மன்காரர் சொல்லிவிட்டார். செல் நீளமாக இருந்தால், மரபணுக்களை இரண்டு பங்காக இழுத்துப் பிரிக்க உள்ளே இருக்கும் கதிர்க்கோல் அந்த நீளவாக்கில் படுத்துக்கொள்ளும். செல் அதற்கு... (நிறுத்துகிறார்)

மாணிக்கம்: அதற்கு?

குமரன்: ...குறுக்கே பிரியும்.

மாணிக்கம்: தங்கமான மனிதர்! உயிரோடு இருந்தால் ஒரு தே தாரிக் வாங்கிக் கொடுத்திருப்பேன். குறுக்குச் சுவர் என்றால் செங்கலும் மிச்சம்.

குமரன்: அதையும் பெல்ஜியத்துத் தாவரவியலாளர் எரேரா சொல்லியிருக்கிறார். சோப்புக் குமிழி மாதிரி, செடியின் செல்லும் இருப்பதிலேயே சின்னச் சுவராகப் பார்த்துத்தான் பிரியுமாம்... நான் ஏன் வாயைத் திறந்தேன்!

மாணிக்கம்: கொத்தனாரைக் கூப்பிடு.

குமரன்: இருங்கள். எல்லா செல்லும் அந்த விதிக்குக் கட்டுப்படாது. தோலின் அடிவரிசையில் இருக்கும் செல் பக்கவாட்டில் பிரிந்தால் இரண்டு பிள்ளைக்கும் தரையில் இடம். மேல்கீழாகப் பிரிந்தால் ஒன்று மாடிக்குப் போகும். அங்கிருந்து மேலே மேலே தள்ளப்பட்டு, செத்து, கடைசியில் அழுக்கோடு உதிர்ந்துவிடும்.

மாணிக்கம்: நல்ல யோசனை. மாடி உனக்கு.

குமரன்: அண்ணே!

மாணிக்கம்: சரி, பக்கவாட்டா மேல்கீழா என்று யார் தீர்ப்பு சொல்வது? செல்லுக்குள் வக்கீல் இருக்கிறாரா?

குமரன்: வக்கீல் இல்லை, வடம் இழுக்கிற ஆள்தான். கதிர்க்கோலின் இரண்டு முனையிலிருந்தும் நுண்குழல்கள் என்ற மெல்லிய புரதக் குழாய்கள் செல்லின் ஓரம் வரை நீளும். அங்கே டைனீன் என்ற புரதம் அவற்றைப் பிடித்து இழுக்கும். அந்த டைனீனை ஓரத்தில் நிறுத்தி வைக்க எல்ஜிஎன், நூமா என்று இரண்டு புரதங்கள். அவை எந்தப் பக்கம் கூடுகின்றனவோ, அந்தப் பக்கம் கதிர்க்கோல் திரும்பும்.

மாணிக்கம்: ஆள்பலம்! எனக்கு மூன்று மச்சான்கள்.

குமரன்: மூன்று பேரும் முதலில் மாநகர் மன்றத்து வாசலில் வரிசை பிடிக்கட்டும். 2008-இலிருந்து நம்ம பினாங்கு ஜார்ஜ் டவுன் யுனெஸ்கோ பாரம்பரிய நகரம். அனுமதி இல்லாமல் சுவரைத் தொட முடியாது.

மாணிக்கம்: (தரையைப் பார்த்து) அப்புறம் இந்தச் சாக்பீஸ் கோட்டை யார் போட்டது?

குமரன்: நான் இல்லை. செடிதான் இப்படிச் செய்யும். பிரிவதற்கு முன்பே, சுவர் வரவேண்டிய இடத்தில் நுண்குழல்களால் ஒரு வளையம் போட்டு வைக்கும். செடியின் செல்லுக்கு அப்புறம் நகர்ந்து உட்கார வழியில்லையே, அதனால் முன்கூட்டியே கணக்கு. பிரியும் நேரத்தில் வளையம் காணாமல் போய்விடும். ஆனாலும் சுவர் அச்சாக அதே இடத்தில் வந்து நிற்கும்.

மாணிக்கம்: இது குறுக்கும் இல்லை, நெடுக்கும் இல்லையேடா. சமையற்கட்டில் தொடங்கி, கல்லாவை வளைத்து, வாசல் வரை போகிறது. நமக்கு ஆளுக்கு ஒரு மூலைதான் மிச்சம்!

குமரன்: எனக்குக் குளத்து நத்தை ஞாபகம் வருகிறது.

மாணிக்கம்: இப்போது நத்தையா?

குமரன்: ஓடு வலமாகச் சுற்றுமா இடமாகச் சுற்றுமா என்பது, கரு நாலு செல்லிலிருந்து எட்டாகும்போது கதிர்க்கோல் எந்தப் பக்கம் சாய்கிறது என்பதைப் பொறுத்தது. அந்தச் சாய்வை முடிவு செய்வது குஞ்சின் மரபணு இல்லை, தாயின் மரபணு. 1923-இலேயே மரபியல் அறிஞர் ஸ்டர்ட்டெவன்ட் எழுதிவிட்டார்.

மாணிக்கம்: (குரலைத் தாழ்த்தி) அம்மாவிடம் கேட்டாயா?

குமரன்: நீங்கள் கேட்டிருப்பீர்கள் என்று நினைத்தேன்.

(பின்கட்டிலிருந்து அம்மா வருகிறார். ஒரு வார்த்தை பேசாமல் ஈரத்துணியால் கோட்டைத் துடைத்துவிட்டு உள்ளே போகிறார்.)

மாணிக்கம்: அப்பாடா! மனசு மாறிவிட்டது போலிருக்கிறது.

குமரன்: அண்ணே, வளையம் போன பிறகுதான் சுவர் வரும்.

(கல்லாவின் மேல் முத்திரை குத்திய அனுமதித் தாள் ஒன்று கிடக்கிறது. வெளியே செங்கல் லோரி ஹார்ன் அடிக்கிறது.)