சிக்னல் திருடினது பிரச்சனை இல்ல, ஆள் அனுப்பினதுதான்

அமெரிக்க காலேஜ் ஃபுட்பால்ல அடுத்த பிளே (ஆட்டத் திட்டம்) என்னன்னு மைதான ஓரத்துல, அதாவது சைடுலைன்ல இருந்து கை ஜாடையில சொல்றதுதான் சிக்னல். "எல்லா டீமும் சிக்னல் திருடுது, மிச்சிகன் யுனிவர்சிட்டி டீமை மட்டும் ஏன் புடிச்சு ஆட்டுறீங்க"ன்னு கட்டுரைல கேட்டிருக்கீங்க, பாதி சரிதான் சார், மீதி பாதிய அப்படியே முழுங்கிட்டீங்களே. மேட்ச் நடக்கும்போது எதிர் டீம்காரன் கைய எப்படி ஆட்டுறான்னு பாத்து கண்டுபுடிக்கிறத யாரும் தடுக்கல, டிவில பாத்து கண்டுபுடிச்சாலும் ஓகே. ஆனா அடுத்து மோதப்போற டீமோட மேட்சுக்கு நேர்ல ஆள் அனுப்பி வேவு பாக்கக்கூடாதுன்னு 1994லயே ரூல் வந்தாச்சு. மிச்சிகன் டீம்ல வேலை பாத்த கானர் ஸ்டாலியன்ஸ் டிக்கெட் வாங்கிக் குடுத்து ஆளுங்கள உக்கார வச்சு, ஆட்டத்த விட்டுட்டு சைடுலைனையே போன்ல வீடியோ எடுக்க வச்சாரு, அதான் மேட்டர்.

அந்த சைடுலைன பாத்திருக்கீங்களா, ரெண்டு மூணு பேர் ஒரே நேரத்துல ஒருத்தன் மூக்க தொடுவான் ஒருத்தன் தொடைய தட்டுவான், அதுல ஒருத்தன்தான் நிஜம் மத்ததெல்லாம் டம்மி, போதாக்குறைக்கு படம் போட்ட அட்டை வேற. ஒரே மேட்ச்ல அத பிரிக்கிறது கஷ்டம், நாலஞ்சு வீடியோ கையில இருந்தா வேற கதை.

அதுக்காக 2023 சீசன்ல மிச்சிகன் ஜெயிச்ச சாம்பியன்ஷிப்பே ஓசில வந்துச்சுன்னு சொல்றதும் ஓவர். விஷயம் வெடிச்சு மிச்சிகனோட அப்போதைய கோச் ஹார்பா சஸ்பென்ஷன்ல இருந்தப்பவே எதிர் டீம் பென் ஸ்டேட்ட செகண்ட் ஹாஃப்ல பந்த தூக்கிப் போடாம ஓடி ஓடியே அடிச்சாங்க, ஒஹையோ ஸ்டேட்டையும் அடிச்சாங்க.

காமெடி என்னன்னா என்எஃப்எல்ல (அமெரிக்க புரொஃபஷனல் ஃபுட்பால் லீக்) ஆட்டத்த நடத்துற குவார்ட்டர்பேக்கோட ஹெல்மெட்டுக்குள்ள, கோச் ஜாடை காட்டாம நேரா பேசுற ரேடியோ வந்ததும் அதே 1994தான், இவ்ளோ காசு புரளுற காலேஜ் ஆட்டத்துக்கு 2024ல தான் வந்துச்சு. அதுவும் அடுத்த பிளே ஆரம்பிக்கிறதுக்கான கடிகாரத்துல 15 செகண்ட் இருக்கும்போது கட் ஆயிடும், அதுக்கப்புறம் பிளே மாத்தணும்னா மறுபடி கை ஜாடைதான்.