பூசிட்டா வெடிப்பு போயிடுமா?

மலேசியாவுல சுங்கை சிப்புட்டோ பீடோரோ, தோட்டத்தை ஒட்டின எந்தப் பட்டணத்துல வேணும்னாலும் பாருங்க. பழைய பலகை வீட்டுக்குப் பின்னால புதுசா ஒரு கல்லு அடுப்படி ஒட்டிக்கிட்டு நிக்கும். ரெண்டும் சேர்ற இடத்துல மேலேருந்து கீழ வரைக்கும் ஒரு வெடிப்பு. கொந்த்ராக்டரைக் கேட்டா, "சும்மா முடி மாதிரி ஹேர்லைன்தான் அக்கா, பூசிடலாம்"னு பதில் வரும். சுண்டுவிரல் நுழையுதுய்யா அந்த ஹேர்லைன்ல!

பூசினா எப்படி நிக்கும்? பழைய வீடு அம்பது வருசத்துல உக்கார வேண்டியதை உக்காந்து முடிச்சிடுச்சு. புதுசு இப்பத்தான் உக்காரவே ஆரம்பிக்குது. அதுவும் பழைய லோங்காங்கை, அதாவது சாக்கடைக் காலை மூடி ரெண்டு லோரி செம்மண் கொட்டின இடத்துல! மிதிச்சுப் பார்த்துட்டு "கெட்டியா இருக்கு"ன்னு ஒன்றரை அடியில புட்டிங் (அஸ்திவாரம்) போட்டா இறங்கத்தான் செய்யும். கொட்டின மண்ணைத் தாண்டி, பழைய இறுகின மண் வர்ற வரைக்கும் தோண்டணும். அது வரவே இல்லைன்னா பக்காவ் கட்டை, அதாவது அலையாத்தி மரக்கட்டையை மண்ணுக்குள்ள அடிச்சு இறக்கணும். ஆனா அந்தக் கட்டை எப்பவும் ஈரத்துலயே கிடக்கணும், நனைஞ்சு காஞ்சு நனைஞ்சா மக்கிப் போயிடும்.

இன்னொண்ணு, புதுச் சுவரைப் பழைய சுவத்தோட கம்பி போட்டுக் கட்டாதீங்க. புதுசுக்குத் தனித் தூண் கொடுங்க. நடுவுல முக்கால் அங்குலம் விட்டு, உள்ள போலிஃபோம் பஞ்சுப் பலகை, வெளிய ரப்பர் மாதிரி இழுபடுற பியூ சீலன்ட் பசை. புதுசு இறங்கினா சீலன்ட் இழுபடும், சுவர் கிழியாது. இந்த போலிஃபோமுக்கும் சீலன்ட்டுக்கும் ஆகுற செலவு எவ்வளவு? சமையலறை கேபினட்ல ஒரு கதவு விலைகூட இருக்காது!

தரைக் கான்கிரீட்டுக்குள்ள போடுற பிஆர்சி கம்பி வலை கதை தனி. மண்ணு மேல விரிச்ச பிளாஸ்டிக் மேலேயே படுத்துக் கிடக்கும், பூட்ஸ் கால்ல அதை மிதிச்சுக்கிட்டே கான்கிரீட்டைக் கொட்டுவாங்க. அப்புறம் கொக்கியால ரெண்டு இழு இழுத்துட்டு "தூக்கிட்டோம் பாஸ்"! அடியில சிமெண்டுக் கட்டி வெச்சுத் தூக்கி நிறுத்தாத வலை, மண்ணுல போட்ட காசு.

புதுக் கூரை பழைய சுவரோட சேர்ற இடத்துல சிலிக்கனை மட்டும் நம்புறதும் இதே கதைதான். சாயங்கால இடிமழை ஒரு வருசம் அடிச்சா அது உரிஞ்சு தொங்கும். பலகைச் சுவருன்னா மேல் பலகையைக் கழட்டி, மடிப்புத் தகரத்தை ஆறு அங்குலம் ஏத்தி, பலகைக்குப் *பின்னால* சொருகணும். முன்னால ஆணி அடிச்சா பலகையில வழியிற தண்ணி நேரா அடுப்பு மேல.

பழைய சாம்பல் நிற அலைக்கூரையை கிரைண்டர்ல அறுக்குறவனைக் கண்டா உடனே நிறுத்துங்க. அது அஸ்பெஸ்டாஸா இருக்கலாம், அந்தத் தூசி நுரையீரலுக்கு எமன். நனைச்சு, உடைக்காம முழுசா இறக்கி, தடிச்ச பிளாஸ்டிக்ல சுத்தணும்.

"பிளான்லாம் வேணாம், இங்க யாரும் பாக்க மாட்டாங்க"ன்னு ஒரு பேச்சு வேற. 1974-ஆம் வருசத் தெரு, வடிகால், கட்டடச் சட்டம் (சட்டம் 133), பிரிவு 70-ன்படி மஜ்லிஸ், அதாவது நகராட்சி மன்ற அனுமதி வேணும். நோட்டீஸ் வந்தா வீட்டுக்காரர் பேருக்குத்தான் வரும், அன்னிக்கு கொந்த்ராக்டர் போனை எடுக்க மாட்டார்.

பாதிக் காசை முன்னாலயே நீட்டாம, "புட்டிங் எத்தனை அடி தோண்டுவீங்க?"ன்னு முதல்ல கேளுங்க. அதுக்குப் பதில் சொல்லாம டைல்ஸ் கலரைக் காட்ட ஆரம்பிச்சார்னா, தேத்தண்ணி கொடுத்து அனுப்பி வெச்சுடுங்க.