சுத்த சைவம் என்பது கழுவிய காய்கறி என்று பொருள்படாது

எல்லோரும் பகிர்ந்துகொண்டிருக்கும் அந்தக் காணொளியில் வாடிக்கையாளர் கேட்டது ஒரே கேள்விதான்: "இந்த முட்டைக்கோஸை எப்படிக் கழுவினீர்கள்?" அதற்கு மேலாளர், "இது சுத்த சைவ உணவகம், இங்கே நாடாப்புழுவுக்கு வேலையே இல்லை" என்கிறார். அந்தப் பதிலுக்குக் கைதட்டியவர்களைப் பார்த்த பிறகு என்னால் சும்மா இருக்க முடியவில்லை.

புழுக்கட்டி உள்ள பன்றி இறைச்சியைச் சரியாக வேகாமல் உண்பவருக்குக் குடலில் நாடாப்புழு வளரலாம். அதே புழுவால் மூளையில் நீர்க்கட்டி வந்து வலிப்பு உண்டாவது வேறு வழியில். குடலில் புழு உள்ள ஒருவரின் மலத்தோடு வெளியேறும் முட்டைகள், சாக்கடை நீர் பாயும் தோட்டத்திலோ, கழிப்பறைக்குப் போய்வந்து சோப்புப் போடாத கையிலிருந்தோ பச்சைக் காய்கறியில் ஒட்டிக்கொண்டு, நம் வயிற்றுக்குள் போய்ப் பொரிகின்றன; அவற்றிலிருந்து வரும் இளம்புழுக்கள் இரத்தத்தோடு மூளைக்குச் சென்று கட்டிகளாகத் தங்கக்கூடும். இதில் சைவமென்ன, அசைவமென்ன?

என் அக்காள் மகனுக்குப் பதினான்கு வயதில் வலிப்பு வந்தது. ஸ்கேனில் நாடாப்புழுக் கட்டி தெரிந்ததும் உறவினர்கள் கேட்ட முதல் கேள்வி, "பையன் வெளியில் என்னத்தைத் தின்றான்?" என்பதுதான். முட்டைகூடத் தொடாத பிள்ளையைத் திருடனைப் போல நிற்கவைத்து விசாரித்தார்கள். அக்காள் இன்றுவரை அந்த வீடுகளின் விசேஷங்களுக்குப் போவதில்லை.

"உப்புத் தண்ணீரில் ஊறவைக்கிறோமே" என்பீர்கள். உப்புக்கும் வினிகருக்கும் அந்தப் புழு முட்டை சாகாது. ஓடும் நீரில் இதழ் இதழாகப் பிரித்துத் தேய்த்துக் கழுவினால் பெரும்பகுதி போகும், நன்றாக வேகவைத்தால்தான் சாகும். நான் பார்த்த ஒரு உணவகப் பின்கட்டில், வெங்காயம், வெள்ளரி, முட்டைக்கோஸ் எல்லாம் மண் கலங்கிய ஒரே வாளித் தண்ணீரில் முங்கி எழுந்து நேராக வெட்டும் பலகைக்குப் போயின. "பாட்டி காலத்தில் பச்சையாகத் தின்றார்களே" என்பவர்களுக்குப் பதில் சொல்ல எனக்குப் பொறுமை இல்லை. "மக்களைப் பயமுறுத்தாதீர்கள்" என்கிறார்கள். இந்நோய் பரவலாக உள்ள பகுதிகளில் வலிப்பு நோயாளிகளில் சுமார் 30 சதவீதத்தினருக்கு இந்தப் புழுவே காரணம் என்று உலக சுகாதார அமைப்பு சொல்கிறது, அதுவும் பயமுறுத்தலா?

சமையற்கட்டுத் தொழிலாளிகள்மீது பழிபோடுகிறேன் என்றும் ஒருவர் எழுதியிருக்கிறார். இல்லை. அவர்களுக்கென்று தண்ணீர் வரும் கழிப்பறையையும் அதில் சோப்பையும் வைக்காத முதலாளியைத்தான் கேட்கிறேன். அவர்களுக்குப் பரிசோதனை செய்து, புழு இருந்தால் மாத்திரை வாங்கித்தர ஆகும் செலவு எவ்வளவு? வாசலில் "சுத்த சைவம்" என்று விளக்குப் போட்டு எழுதிய பலகையின் விலைகூட இருக்காது.